பழுதான அடுக்ககம்: பணம் புரளும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைடு என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே 1981-இல் கட்டிய 12 மாடி அடுக்ககம் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத்; மொத்தம் 136 வீடுகள். 2018-இல் ஒரு பொறியாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீச்சல் குளத் தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுவிட்டது, கீழே கான்கிரீட் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். சரிசெய்ய சுமார் 90 லட்சம் டாலர் ஆகும் என்றும் மதிப்பிட்டார். உரிமையாளர் சங்கத்தில் சண்டை மூண்டது. அடுத்த ஆண்டு நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் விலகிப் போனார்கள். 2021 ஏப்ரலில் பழுதுபார்ப்புச் செலவு ஒன்றரைக் கோடி டாலராக வளர்ந்திருந்தது. வீட்டுக்கு 80,000 டாலரில் தொடங்கி மூன்று லட்சத்துக்கு மேல் வரை பங்கு போட்டார்கள். ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 98 பேர்.

இடிந்ததற்கான பொறியியல் காரணங்கள் ஆய்வாளர்கள் பாடு. சங்கக் கூட்டத்தில் நடந்தது மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ, பார்க்கிங் தூணில் கம்பி தெரிகிற எந்த அடுக்ககத்திலும் அதே கூட்டம் நடக்கிறது. மேல்மாடிக்காரருக்கு அவசரம், கீழ்வீட்டுக்காரருக்கு அவசரமில்லை, வாடகைக்கு விட்டவர் போனை எடுப்பதில்லை, ஓய்வூதியக்காரரிடம் பணமில்லை.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட சங்கத்தின் செக்ரட்டரிக்கும், செக்ரட்டரியாக யாரும் முன்வராத கட்டடத்தில் வேறு வழியின்றி முன்வரப்போகிறவருக்கும். வேலையின் வரிசை இது: ஆட்களின் பாதுகாப்பு, பரிசோதனை, பொறுப்பு யாருடையது, பணம், ஒப்பந்தம். பெரும்பாலான சங்கங்கள் நேராகக் கடைசிப் படிக்குத் தாவி, “முதல்ல நாலு கொட்டேஷன் வாங்குங்க, பார்ப்போம்” என்று தொடங்குகின்றன. அங்கேதான் கணக்கு கைமீறிப் போகிறது.

முதல் வாரம்: ஆள் பாதுகாப்பு

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து தரைமட்டமானது. உயிரிழப்பு இல்லை. விரிசலைப் பார்த்த குடியிருப்பவர்கள் இடிவதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். எந்தப் பரிசோதனைக் கூடமும் அவர்களுக்குச் சொல்லவில்லை; கண்ணால் பார்த்ததை நம்பினார்கள்.

1. கட்டடம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பார்க்கிங் தூண்கள், மாடிப்படியின் அடிப்பகுதி, பால்கனி, சன்ஷேட், மேல்நிலைத் தொட்டியின் கால்கள், சம்ப்பின் மூடி, குளியலறைகளுக்குக் கீழே உள்ள சீலிங். பழுதுகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை.

2. ஒவ்வொரு பழுதையும் தேதியுடன் படமெடுங்கள். படத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ சேர்த்து வைத்தால் விரிசலின் அகலம் பின்னால் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மட்டும் போதாது. தனி ஃபோல்டரில் சேமியுங்கள்.

3. விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள்.

4. பூச்சு உதிரும் இடத்துக்குக் கீழே கட்டில், ஊஞ்சல், பைக் எதுவும் வேண்டாம். தடுப்புக் கட்டி, ஆள் போகாமல் மறியுங்கள்.

5. கட்டடத்துக்குள் நடக்கும் எல்லா இன்டீரியர் வேலைகளையும் நிறுத்துங்கள். சுவர் உடைப்பது, டைல்ஸ் மேல் டைல்ஸ் போடுவது, மொட்டை மாடியில் மண் கொட்டித் தோட்டம் வைப்பது, எல்லாம்தான். குருகிராமின் சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்ககத்தில் 2022 பிப்ரவரி 10 அன்று ஒரு பகுதி சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அப்போது மேலே ஒரு வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது.

உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்: தூணில் கான்கிரீட் பிதுங்குவது, கம்பி வளைந்து வெளியே தள்ளுவது, நேற்றுவரை சாத்திய கதவு இன்று திடீரென்று இறுகுவது, பீமில் சாய்வாக ஓடும் விரிசல் நாளுக்கு நாள் அகலமாவது, கட்டடத்திலிருந்து வெடிக்கும் சத்தம் கேட்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொதுக்குழு கூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆட்களை இறக்கிவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101, சென்னை மாநகராட்சிக்கு 1913.

பரிசோதனை: எதைக் கேட்டு வாங்குவது

கோட்பாடு இவ்வளவு போதும்: கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் துரு பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. துருவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி அதன் காரத்தன்மையைப் போக்குவது. இன்னொன்று உப்பு. கடல் காற்றில் வரலாம். அதைவிட மோசம், கட்டும்போதே உப்பு போர்வெல் தண்ணீரை ஊற்றிக் கலந்திருக்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து போர்வெல் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்துச் செலவு தலைகீழாக மாறும். முதல் வகையில் கெட்ட இடத்தை மட்டும் வெட்டிச் சரிசெய்தால் பல ஆண்டு தாங்கும். உப்பு கான்கிரீட்டிலேயே கலந்திருந்தால், ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த துரு தொடங்கும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு மூன்றாவது ஆண்டில் மறுபடி சாரம் கட்டுகிற சங்கங்கள் பெரும்பாலும் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கியவைதான்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் “கட்டடத்தைப் பாருங்க சார்” என்று சொல்லாதீர்கள். கீழே உள்ளவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

- சுத்தியல் சோதனையும் ஒலி அலைச் சோதனையும். ரீபவுண்ட் ஹேமர், யுபிவி என்பார்கள். மலிவானவை, வேகமானவை, எங்கே ஆழமாகப் பார்க்க வேண்டும் என்று காட்டும். இவற்றை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.
- கோர் சோதனை. தூண், பீம்களிலிருந்து உருளைத் துண்டுகளை வெட்டியெடுத்து நசுக்கிப் பார்ப்பது. மூன்று துண்டுகளின் சராசரி, வடிவமைப்பில் சொன்ன வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்தத் துண்டும் 75-க்குக் கீழே போகக்கூடாது. வெட்டிய குழியை அன்றே அடைக்கச் சொல்லுங்கள்.
- கார்பனேஷன் சோதனை. புதிதாக உடைத்த கான்கிரீட் மேல் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பானால் நலம். நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது.
- குளோரைடு அளவு. கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோ வரை தரநிலை அனுமதிக்கிறது. மேற்பரப்பில் மட்டுமின்றிப் பல ஆழங்களில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே போகப் போகக் குறைந்தால் உப்பு வெளியிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால் கட்டும்போதே கலந்தது. பில்டரோடு வழக்கு என்று வந்தால் இந்த ஒரு வரிக்கு எடை அதிகம்.
- ஹாஃப் செல் அளவீடு. கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாகக் காட்டினால் அங்கே துரு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இன்று குடியிருக்கலாமா? எதை எந்த மாதத்துக்குள் செய்தாக வேண்டும்? சரிசெய்தால் எத்தனை ஆண்டு தாங்கும்? “தகுந்த பழுதுபார்ப்பு மேற்கொள்ளவும்” என்று மட்டும் முடிக்கிற அறிக்கைக்கு மீதிக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள்.

பிழை: வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியின் “இலவசப் பரிசோதனை”யை ஏற்பது. அவர்களிடம் இருப்பது விற்கிற ரசாயனம். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதுதான் மருந்து. சோதிப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களும் ஆலோசனைப் பணியாக இதைச் செய்கின்றன. கட்டணம் கூடுதல், காத்திருப்பும் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிட முடியாத காகிதம் அது. கொச்சி வைட்டிலாவில் ராணுவ வீட்டுவசதி அமைப்பு கட்டிய சந்தர் குஞ்ச் அடுக்ககத்தின் பி, சி கோபுரங்களை இடித்துப் புதிதாகக் கட்டித்தர 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வீடுகள் உரிமையாளர் கைக்கு வந்து பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. தொழில்நுட்ப அறிக்கைகள் இல்லாமல் அந்த உத்தரவை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

செலவு யாருடையது?

இங்கிலாந்தில் 2017-இல் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்த பிறகு, ஆயிரக்கணக்கான பிளாட்வாசிகளுக்குத் தாங்க முடியாத பழுதுபார்ப்புப் பில்கள் வந்தன. 2022-இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், தகுதியுள்ள பெரும்பாலானோரின் பங்குக்கு லண்டனில் 15,000 பவுண்டு, வெளியே 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது. வெளிச்சுவரின் எரியும் பலகைகளை அகற்றும் செலவு அவர்களுக்குக் கிடையாது. நம்மிடம் அப்படி ஒரு வரம்பு இல்லை. இங்கே எல்லாமே ஒரு தேதியைச் சுற்றித்தான்: பில்டர் சாவி கொடுத்த தேதி.

சாவி வாங்கி ஐந்தாண்டு ஆகவில்லை என்றால்

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு உங்கள் பக்கம். கட்டமைப்பு, வேலைத்தரம், வசதிகள் எதில் குறை இருந்தாலும் ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம்.

1. விற்பனை ஒப்பந்தம், யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், சாவி பெற்ற கடிதம், பணிநிறைவுச் சான்று, அனுமதி வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்.
2. சங்கத்தின் பெயரிலும், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு உரிமையாளர் பெயரிலும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். “பில்டிங்கே சரியில்லை” என்று எழுதாமல், “பி பிளாக், பார்க்கிங் தூண் எண் 7, வடக்கு முகம், கம்பி தெரிகிறது” என்று எழுதுங்கள்.
3. ஒப்படைப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பில்டரின் சைட் இன்ஜினியரிடம் வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது.
4. 30 நாள் கழித்தும் வேலை நடக்கவில்லையென்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார். இழப்பீடு கேட்பது தீர்ப்பு அலுவலரிடம்.

பிழை: பில்டர் ஆள் அனுப்பிச் சிமெண்டு பூசிவிட்டுப் போனதும் “சரியாகிவிட்டது” என்று கையெழுத்துப் போடுவது. என்ன வேலை நடந்ததோ அதை மட்டும் எழுதி, “மூலக் காரணம் ஆராயப்படவில்லை” என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடமும், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் கட்டியதும் ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லாதவை. சென்னையின் சந்துகளில் உள்ள எத்தனையோ கட்டடங்கள் இந்த வகைதான். அங்கே வீடு வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். காலவரம்பு இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் வாதமே நடக்கும். ஆகவே பழுது தெரிந்த உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஐந்தாண்டு தாண்டிவிட்டால்

பெரும்பாலும் உரிமையாளர்களே கட்ட வேண்டும். இருபது, முப்பது வருடக் கட்டடத்துக்கு பில்டரைத் தேடி அலைவதில் ஒரு மழைக்காலம் போய்விடும். அதற்குள் துரு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். வீட்டுக் காப்பீட்டையும் நம்பி உட்காராதீர்கள். தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குத்தான் அது; வருடக்கணக்கில் தேய்ந்து பழுதானதற்கு இல்லை.

பணம்: பெரிய தொகையை உடைக்கும் வழி

“பிளாட்டுக்கு மூணு லட்சம்” என்று ஒரே வரியில் அறிவித்தால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும். பொறியாளரின் அறிக்கையை வைத்து வேலையை மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, உயிர் சம்பந்தப்பட்டது: முட்டுக் கொடுத்தல், பழுதான தூண்கள், தொங்கும் சன்ஷேட். இரண்டாம் கட்டு, தண்ணீர் வரும் வழியை அடைப்பது: மொட்டை மாடி, கழிவுநீர்க் குழாய்கள், சம்ப். மூன்றாவதில் மற்ற பூச்சு, பெயின்ட், அழகு. சங்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுண்டு. பெயின்ட் கண்ணுக்குத் தெரிகிறது, விற்கும்போது விலை ஏறும் என்ற நினைப்பு. ஈரமும் துருவும் உள்ள சுவர்மேல் அடித்த பெயின்ட், அடுத்த ஆய்வில் பழுதை மறைக்க மட்டுமே உதவும்.

ஒரு மாதிரிக் கணக்கு: 12 வீடுகள், மொத்தம் 36 லட்சம். முதல் கட்டு 12 லட்சம், இரண்டாவது 10, மூன்றாவது 14 என்று வைத்துக்கொள்வோம். இப்போதே வேண்டியது வீட்டுக்கு ஒரு லட்சம். கார்பஸ் ஃபண்டில் 4 லட்சம் இருந்தால் அது சுமார் 67,000 ஆகக் குறையும். இரண்டாம் கட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்குமாறு தவணை போடலாம். மூன்றாவது அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். தொகை குறையவில்லை, ஆனால் “முடியாது” என்றவர்களில் பாதிப்பேர் “யோசிக்கிறேன்” என்பார்கள்.

பங்கிடும் முறையை வேலை தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். சங்க விதிகளில் இருப்பதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் யூடிஎஸ் விகிதம் நியாயமான அடிப்படை. வீட்டுக்குச் சமபங்கு என்பது சிறிய வீட்டுக்காரருக்கு அநியாயம். பெரிய வீட்டுக்காரர்தான் அதை முன்மொழிவார் என்பதையும் கவனித்திருப்பீர்கள். மொட்டை மாடி ஒழுகினால் அது எல்லோருடைய செலவு, மேல்மாடிக்காரருடைய தலைவிதி இல்லை. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் மேல்வீட்டுக்காரர் செலவு. இவ்விரண்டையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பணமே இல்லாதவருக்கு:

1. வீட்டுக் கடன் உள்ளவர் அதே வங்கியில் டாப்-அப் கேட்கலாம். மற்றவர்கள் வீடு பழுதுபார்ப்புக் கடன். சங்கத் தீர்மானமும் பொறியாளர் மதிப்பீடும் சேர்த்துக் கொடுத்தால் வங்கிக்கு எளிது. தனிநபர் கடனும் நகைக் கடனும் கடைசி வழியாகவே இருக்கட்டும்.
2. வயதானவரின் பங்கைச் சங்கம் முன்பணமாகப் போட்டு, மாதத் தவணையாகவோ வீடு கைமாறும்போதோ திரும்பப் பெறலாம். முத்திரைத்தாளில் எழுதி, வாரிசையும் கையெழுத்திடச் செய்யுங்கள்.
3. வசதி இருந்தும் கொடுக்காதவருக்கு நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். தண்ணீரை நிறுத்துவது, கரண்ட்டைப் பிடுங்குவது, லிஃப்டில் ஏறாதே என்பது எல்லாம் வழக்கைச் சங்கத்தின் மேலேயே திருப்பிவிடும்.

சிறப்பு வசூலைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். இரண்டு கையெழுத்து இருக்கட்டும். மாதாமாதம் வரவுசெலவைப் பலகையில் ஒட்டுங்கள். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாத வசூல் 7,500 ரூபாயைக் கடந்தால் ஜிஎஸ்டி கேள்வி எழும். வசூல் அட்டவணை போடும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒப்பந்தமும் வேலையும்

மொத்தமாக இவ்வளவு என்று பேசாதீர்கள். உடைத்துப் பார்க்கும்வரை பழுது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சதுர அடிக்கு, ரன்னிங் மீட்டருக்கு, கம்பி கிலோவுக்கு என்று விலை பேசி, அளந்து பணம் கொடுங்கள். மதிப்பீட்டின் மேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும். பில் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஒரு பருவமழை கடந்த பிறகு விடுவியுங்கள்.

மேஸ்திரி வேலையைத் தொடங்கியதும் பார்க்க வேண்டியவை:

1. முட்டு கொடுத்த பிறகே தூணைக் கொத்த வேண்டும். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தூண்களைக் கொத்தக்கூடாது.
2. கம்பியின் முன்பக்கம் மட்டுமின்றிப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை எடுக்க வேண்டும். துருவின்மேல் பூசுவது பணத்தைப் புதைப்பது.
3. துருவை முழுக்கச் சுரண்டி, கம்பி மெலிந்த இடத்தில் பொறியாளர் சொல்லும் அளவில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.
4. பாதுகாப்புப் பூச்சு, ஒட்டும் ரசாயனம், பாலிமர் கலந்த கலவை அல்லது மைக்ரோ கான்கிரீட்: இவற்றின் மூட்டைகளைப் பிரிக்கும் முன் படமெடுங்கள்.
5. நீராற்றுவதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மேஸ்திரியின் பையன் ஊற்றுவான் என்று விட்டால், ஊற்றமாட்டான்.

ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மேல்பூச்சு. பூசியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இடித்துக் கட்டுவதே மேல் என்றால்

செலவு கட்டடத்தின் மிச்ச ஆயுளுக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை சொன்னால், பில்டரோடு சேர்ந்து புதிதாகக் கட்டுவது ஒரு வழி. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்கு வழி விடுகிறது. ஒரே ஒருவர் மறுத்து எல்லோரையும் நிறுத்திவைக்கும் பழைய நிலை இல்லை.

பில்டர் காட்டும் வண்ணப் படங்களைவிட மூன்று விஷயங்களை உற்றுப் பாருங்கள்: கட்டி முடிக்கும்வரை வாடகையை யார், எந்தத் தேதிவரை கொடுப்பார்; பாதியில் நின்றால் காப்பாற்றும் வங்கி உத்தரவாதம்; புதிய கட்டடத்தில் உங்கள் யூடிஎஸ் எவ்வளவு. மூன்றும் பதிவு செய்த ஒப்பந்தத்தில் வராமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

இதைப் படிப்பவர் புதிய அடுக்ககத்தில் இருப்பவரானால், சாவி வாங்கிய கடிதத்தை இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஐந்தாண்டு முடிய இன்னும் நாள் இருந்தால், கட்டடத்தைச் சுற்றி நடந்து பழுதுகளைப் பட்டியலிட்டு, பில்டருக்கு இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பிவிடுங்கள்.